துரைமுள் பட்டுப்போன வருஷம்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு முள்செடி இருந்தது. அது காய்ந்துபோனதால் என் படிப்பு நின்றது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். செடி காய்ந்தால் தண்ணீர் ஊற்றுவார்கள், பெண்பிள்ளையின் படிப்பை எதற்கு நிறுத்துவார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தலை முழுக்க நரைத்த பிறகும் அதே கேள்வியை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடந்தது இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்னால். ஜெயமங்கலத்தில் எங்களுக்குக் கொடிக்கால் இருந்தது. அகத்தி மரங்களை வரிசையாக நட்டு, அவற்றின் மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டி வளர்க்கும் தோட்டத்துக்குத்தான் கொடிக்கால் என்று பெயர். அந்தக் குடும்பத்தில் பெண்ணாகப் பிறந்தவள் நடக்கப் பழகும்போதே எங்கே நடக்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் பழகிவிடுவாள். கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரும் போகக் கூடாது. கால் கழுவாமல் போகக் கூடாது. தூரமான பெண், அதாவது மாதவிலக்கில் இருப்பவள், வரப்போரத்தில்கூட நிற்கக் கூடாது. நின்றால் ஒரு கொடி வாடும், ஒரு கொடி வாடினால் பாத்தியே வாடும், பாத்தி வாடினால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். இதில் எங்கள் ஊரில் ஆண் பெண் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்கும் இருந்ததில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எதற்கு வம்பு என்று, வயதுக்கு வந்த பெண்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். அய்யாவுக்கு மத்தியானக் கஞ்சி கொண்டுபோகிற வேலை என்னுடையது. நான் இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை. அதனால் வரப்பில் ஓடலாம், வாய்க்காலில் குதிக்கலாம், கொடிக்கு நடுவில் நின்று பாட்டுப் பாடலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

அய்யா வெற்றிலைக் கட்டுகளைக் கொடைக்கானலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எப்போதாவது தாமே கூடப் போய் வருவார். அப்படிப் போய்விட்டு வந்த ஒரு தடவை, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு குச்சியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மலையில் யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாவின் பங்களா வேலியில் அந்தப் பழத்தைப் பார்த்தாராம். அங்கே வேலை செய்த தோட்டக்காரர் ஒன்றைப் பறித்துத் தின்னக் கொடுத்து, வேரோடு ஒரு கம்பையும் பிடுங்கிக் கொடுத்தாராம். பிளாக்பெரி என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் யார் வாயிலும் அது நுழையவில்லை. துரைமார் வீட்டு முள் என்பதால் துரைமுள் என்று அத்தை பெயர் வைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது.

அத்தை என்றால் அய்யாவின் அக்கா. கல்யாணமான சில வருஷத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். அம்மா உலையில் அரிசி போடுவதற்கும் அத்தையின் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வாள்.

"கருவேல முள்ளு குத்துறது பத்தலன்னு மலையேறிப் போயி முள்ளு வாங்கியாந்துருக்கான் எந்தம்பி" என்றாள் அத்தை.

"பழம் காய்க்கும்க்கா. கருகருன்னு, கொத்து மணியக் கோத்த மாதிரி. தின்னு பாத்தேன்."

"கருப்பா பழம் திங்கணும்னா நாவப்பழம் கெடக்குல்ல, கேட்பாரில்லாம?"

"இது கொடிதான்க்கா. பத்தடிக்குக் கம்பு போகுமாம். கொடின்னு வந்துட்டா எனக்குத் தெரியாததா?"

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வெற்றிலைக் கொடியைத் தெரிந்த ஒருவர் உலகத்தில் இருக்கிற எல்லாக் கொடியையும் தெரிந்தவர் ஆகிவிட்டார். கிணற்றுக்கு மேற்கே, மத்தியானத்துக்கு மேல் சுவரின் நிழல் விழுகிற இடத்தில் குழி தோண்டினார். பக்கத்தில் ஒரு அகத்தியை நட்டார். மக்கிய சாணி எருவைப் போட்டு, மேலே காய்ந்த இலைதழையைப் பரப்பினார். மலைச் செடி, வேர் குளுந்து கிடக்க வேண்டும் என்றார். பிறகு வீட்டாரை எல்லாம் கூப்பிட்டு நிறுத்திக் கொடிக்கால் சட்டத்தை அப்படியே கிணற்றடிக்கும் சொன்னார். செருப்பு கூடாது. எச்சில் கை படக் கூடாது. தூரமானவர்கள் கிட்டே வரக் கூடாது. அம்மாவுக்கு மாதத்தில் சில நாள் ஆகாது. அத்தை முள்ளைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். மிச்சம் இருந்தது நான்.

"ஆத்தாதான் பாத்துக்கணும். சுத்தமான கை" என்றார் அய்யா. பாசமாகப் பேசும்போது என்னை அப்படித்தான் ஆத்தா என்பார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் ஒரு பொருளுக்கு நான் பொறுப்பு! காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு குடம், வந்ததும் ஒரு குடம். வெயில் காலத்தில் தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கட்டினேன். கம்பு நீள நீளக் கோரையை நனைத்து அகத்தியோடு சேர்த்துக் கட்டினேன். இறுக்கிக் கட்டினால் கம்பு முறியும், தளர்த்திக் கட்டினால் காற்றில் ஆடி முள் இலையைக் கிழிக்கும். முள் என்றால் சும்மா முள் இல்லை. கொக்கி போல வளைந்து உள்ளே இழுக்கும். என் முழங்கை வரைக்கும் கோடு கோடாக இருப்பதைப் பார்த்து, வீட்டில் பூனை வளர்க்கிறாயா என்று டீச்சர் கேட்டார்.

முதல் வருஷம் பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. கம்பு மட்டும் பிசாசு மாதிரி நீண்டது. ஒரு கம்பு வளைந்துபோய் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தரையைத் தொட்டது. நான் அதைத் தூக்கிக் கட்டப் பார்த்தால் வரவில்லை. இழுத்துப் பார்த்தால் நுனியில் கொத்தாக வெள்ளை வேர். தலைகீழாகப் போய் மண்ணுக்குள் வேர் விட்டிருந்தது! அத்தை வந்து பார்த்தாள்.

"ஏலே தம்பி, இது நடக்குதுடா! இன்னைக்கித் துவைக்கிற கல்லு, நாளைக்கி அடுப்படி. வெட்டி எறி" என்று கத்தினாள். அய்யா வெட்டவில்லை. அந்த நுனியை மட்டும் எடுத்துவிட்டு, கம்பை மறுபடி கட்டச் சொன்னார்.

இரண்டாம் வருஷம் மாசிக் கடைசியில் வெள்ளைப் பூ வந்தது. பங்குனியில் பச்சைப் பிஞ்சு, சித்திரையில் சிவப்பு. சிவந்ததும் பழுத்துவிட்டது என்று பறித்துத் தின்று எல்லாரும் முகத்தைச் சுளித்தோம். அய்யா மட்டும் பொறுங்கள் என்றார். சிவப்பு மெல்ல மெல்லக் கறுத்தது. தொட்டால் தானாகக் கையில் விழுகிற பக்குவத்தில் அய்யா முதல் பழங்களைப் பறித்து, ஆளுக்கு ஒரு வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். சாமி பிரசாதம் வாங்குவதுபோல ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டோம். புளிப்பும் இனிப்புமாக, நடுவில் நறநறவென்று விதை. அத்தை தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன்னுடையதையும் தின்று அம்மாவுடையதையும் தின்றாள்.

உள்ளதைச் சொன்னால் அந்த வருஷப் பழத்தில் பாதி என் வயிற்றுக்குள்தான் போனது. தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் தின்றுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வேன். பழம்தான் கறுப்பே தவிர அதன் சாறு நல்ல சிவப்பு. துவைத்தாலும் போகாது. திட்டுத் திட்டாகச் செம்பழுப்பேறி நிற்கும். எதன் கறை என்று நான் சொல்லவில்லை. அம்மா கல்லில் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு அந்தப் பாவாடையை வீட்டோடு கட்டிக்கொள் என்றுவிட்டாள்.

பழம் முடிந்தது. லீவும் முடிந்து நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன். எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்த முதல் பெண்பிள்ளை நான்தான். அந்தப் பரீட்சையில் தேறினால் ட்ரெயினிங் படிக்கலாம், டீச்சராகலாம் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். அவரைப் போலவே குடை பிடித்துக்கொண்டு நடப்பதாக நான் தினமும் மனசுக்குள் நடந்து பார்ப்பேன். அத்தை மட்டும், பெரிய மனுஷி ஆகிற வரைக்கும்தான் இந்தக் கூத்தெல்லாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் சோறு தின்னும்போது அதையே மறுபடி சொன்னாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"பெரிய மனுஷி ஆனாலும் சொல்ல மாட்டேன். பரீட்சை எழுதிட்டுத்தான் சொல்லுவேன்" என்றேன்.

அம்மா சிரித்தாள். அய்யாவும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு காலை தண்ணீர்க் குடத்தோடு போனேன். துரைமுள்ளின் இலையெல்லாம் மஞ்சளித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்காலம், அதனால் இருக்கும் என்று ஒரு குடத்துக்கு இரண்டு குடமாக ஊற்றினேன். அடுத்தடுத்த நாட்களில் கம்பு நுனியிலிருந்து பழுப்பேறிக்கொண்டே இறங்கியது. ஒரு கம்பு இல்லை, பழம் தந்த அத்தனை கம்பும். நான் கண்ணை மூடிக்கொண்டு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொள்வேன். நாளைக்கு இன்னும் ஒரு முழம் செத்திருக்கும். கடைசியில் ஒரு கம்பைத் தொட்டுப் பார்த்தேன். சுள்ளி மாதிரி படக்கென்று ஒடிந்து கையில் வந்துவிட்டது. என்ன செய்தேன் இதை? தண்ணீர் போதவில்லையா, கூடிவிட்டதா? கையில் ஒடிந்த குச்சியோடு வீட்டுக்குள் ஓடி அய்யாவைக் கூப்பிட்டேன்.

அய்யா வந்து ஒவ்வொரு கம்பாக ஒடித்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பச்சையாக இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒரு முள்செடிக்காக அப்படி வெளுக்காது. கொடிக்காலிலும் இரண்டு பாத்தியில் இலை பழுத்திருந்தது. ஆனிக் காற்றில் வருஷா வருஷம் பழுக்கும்தான். ஆனால் அந்த வருஷம் அவர் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது.

அத்தை கிணற்றுத் தொட்டியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சீக்குல சாகலலே தம்பி. அத்தன கம்பும் ஒண்ணா சாகுமா? வீட்டுல தீட்டு நடமாடுது."

"யாருக்கா? இவ கிட்டயே வர்றதில்லயே" என்றார் அய்யா, அம்மாவைக் காட்டி.

"யாரு தண்ணி ஊத்துறா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முதலில் புரியவே இல்லை. என் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"எப்பத்தா ஆன?" என்றாள் அத்தை. குரல் மெதுவாக, பாசமாகக்கூட இருந்தது.

"என்ன ஆனேன்?"

"மறைக்காத. எப்ப ஆன?"

அப்புறம்தான் புரிந்தது. "நான் ஆகலத்தே" என்றேன். அத்தை உள்ளே போய் என் பழைய பாவாடையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள்.

"அப்ப இது என்ன?"

"பழக் கறை அத்தே! பழம் தின்னுட்டுக் கைய தொடச்சேன்."

"பழக் கறையா? பழந்தான் கன்னங்கரேல்னு இருந்துச்சே. இது செவந்து காஞ்சுல்ல கெடக்கு."

அத்தைக்கு அந்தச் சாறு சிவப்பு என்று தெரியாதா? அவளும்தான் தின்றாள். முழுசாக வாயில் போட்டு மென்றவளுக்கு எப்படித் தெரியும்! ஒரே ஒரு பழம் இருந்தால் போதும், அவர்கள் கண் முன்னால் நசுக்கிக் காட்டிவிடுவேன். நான் அந்தக் காய்ந்த முள்ளுக்குள் கையை விட்டுத் துழாவினேன். கையெல்லாம் கிழிந்தது. மிளகு மாதிரி இறுகிப்போன இரண்டு சொத்தைப் பழம்தான் கிடைத்தது. நசுக்கினால் தூளாகக் கொட்டியது.

"அன்னைக்கே இவ சொன்னாள்ல, ஆனாலும் சொல்ல மாட்டேன்னு. நீங்கதான் பல்லக் காட்டுனீக" என்றாள் அத்தை.

நான் அய்யாவைப் பார்த்தேன். என்னை ஒருபோதும் அதட்டியது கிடையாது அவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துக் கேட்டார்.

"ஆத்தா, கஞ்சி கொண்டாந்தப்ப கொடிக்காலுக்குள்ள எதுவர வந்த? வரப்போட நின்னியா, பாத்திக்குள்ள எறங்குனியா?"

ஆனாயா என்று கேட்கவில்லை. ஆன பிறகு எங்கே மிதித்தாய் என்று கேட்டார். பாத்திக்குள் தினமும் இறங்கினேன் என்று அவருக்கே தெரியும். அவர் பதிலுக்குக் காத்திராமல் மஞ்சள் தண்ணீர் கரைக்கச் சொல்லிக்கொண்டே கொடிக்காலுக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் அம்மா மட்டும் தனியாக என்னிடம் வந்தாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லு. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"ஆகலம்மா. சத்தியமா ஆகல."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நம்பினாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. எழுந்து போய் அத்தையிடம், "சின்னப் பிள்ள, இல்லங்குறா மதினி" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது.

"இல்லன்னா செடி ஏன் சாகுது? அதுக்குப் பதில் சொல்லு நீ" என்றாள் அத்தை.

அம்மாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அய்யாவிடமும் இல்லை. அந்த வீட்டில் பதில் வைத்திருந்தவள் அத்தை ஒருத்திதான். அதனால் அவள் சொன்னது நடந்தது.

ஆடி பிறந்துவிட்டால் சடங்கு செய்ய முடியாது என்று அவசரம் அவசரமாக ஆள் அனுப்பினார்கள். என் தாய்மாமா கெங்குவார்பட்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பச்சைத் தென்னங்கீற்றால் முற்றத்து மூலையில் அவரே எனக்குக் குச்சு கட்டினார். கட்டும்போது கேலியும் கிண்டலும் பாட்டுமாக இருந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்! நான் அழுததைப் பார்த்து வெட்கம் என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். என்னை அந்தக் குச்சுக்குள் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். வேளைக்கு வேளை உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் வந்தது. இடுப்பு எலும்பு பலப்படுமாம். வராத ஒன்றுக்காக நான் உளுந்தங்களி தின்றேன். உலகத்தில் வேறு எந்தப் பெண்ணுக்காவது இப்படி நடந்திருக்குமா என்று தெரியவில்லை. நடந்திருந்தால் அவளைப் பார்த்துப் பேச வேண்டும் என்று இன்றைக்கும் ஆசை இருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. எல்லாரும் இவ்வளவு நிச்சயமாக இருக்கிறார்களே, ஒருவேளை எனக்குத் தெரியாமலே ஆகிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் உடம்பைப் பற்றி என்னைவிட அந்த முள்செடிக்குத் தெரியுமோ என்று பயந்தேன்.

சடங்கன்று டீச்சர் வந்தார். கையில் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டீச்சர், எனக்கு ஒண்ணும் ஆகல. செடி காஞ்சுபோச்சுன்னு என்னயப் புடிச்சு உக்கார வச்சுட்டாக."

டீச்சர் சிரித்தார். என் கன்னத்தைத் தட்டினார்.

"வெக்கப்படாதம்மா. எல்லாருக்கும் வர்றதுதான்."

படித்தவர், ட்ரெயினிங் முடித்தவர், பூமி உருண்டை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவரும் நம்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீர்களா என்று அத்தையிடம் ஒரு தடவை கேட்டார். இனிமே எதுக்கு என்றாள் அத்தை. டீச்சர் அதற்கு மேல் பேசாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மாமாவின் சீர் வந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், பட்டுப் பாவாடை கட்டினார்கள், ஆரத்தி எடுத்தார்கள். குச்சைப் பிரித்து எரித்தார்கள். விருந்தாளிகள் வண்டி ஏறிப் போன மறுநாள், முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். துரைமுள் பக்கம் திரும்பக் கூடாது என்றுதான் போனேன். கண் கேட்கவில்லை.

காய்ந்த கம்புகளின் காலடியில், மண்ணைப் பிளந்துகொண்டு குருத்து நின்றது. ஒன்றிரண்டு இல்லை, கொத்தாக. விரல் தடிமனுக்கு, பச்சைப் பசேலென்று, முள்கூட இன்னும் இறுகாத இளசு. சில முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன.

பின்னால் வந்த வருஷங்களில்தான் எனக்குத் தெரிந்தது, அது அந்தச் செடியின் பிழைப்பு என்று. ஒரு கம்பு முதல் வருஷம் வளரும், இரண்டாம் வருஷம் காய்க்கும், காய்த்து முடித்ததும் செத்துவிடும். அது சாகிறபோதே அடியிலிருந்து அடுத்த கம்பு கிளம்பும். செத்ததை அறுத்துவிட்டுப் புதியதைக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. வெற்றிலைக் கொடி அப்படிச் சாகாது. ஒரே கொடியை வருஷா வருஷம் இறக்கிக் கட்டிப் பிழைக்கிற எங்களுக்கு, காய்த்ததற்காகச் சாகிற ஒரு கொடி இருக்கும் என்று கனவில்கூடத் தோன்றவில்லை.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. உயிர் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அது போதாதா? "சாகல! செடி சாகல!" என்று நான் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடி வந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாடா, முடிந்தது, எல்லாம் தப்பு என்று தெரிந்துவிட்டது, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாம் என்று நினைத்தேன். அய்யாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துக் குருத்தைக் காட்டினேன்.

"பாருங்கய்யா. சாகவே இல்ல. அப்ப தீட்டும் இல்லேல்ல? நான் நாளைக்கிப் பள்ளிக்கூடம் போறேன்."

அய்யா பேசுவதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"பாத்தியாலே தம்பி! தீட்டக் கழிச்சோம், துளுத்துருச்சு. நான் சொன்னப்ப நீ யோசிச்சியே."

செடி செத்தாலும் நான் ஆனதற்குச் சாட்சி, பிழைத்தாலும் அதற்கே சாட்சி! இதற்கு மேல் எந்த வாயால் என்ன பேசுவது? அய்யாவைப் பார்த்தேன். அவர் குனிந்து ஒரு குருத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சே ஆத்தா" என்றார். அதோடு சரி.

பள்ளிக்கூட மணி எங்கள் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். எட்டாம் வகுப்புப் பரீட்சை நடந்த நாட்களில் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் மாதக்கணக்கில் தூரமாகாததற்கும், புதுசில் அப்படித்தான் இருக்கும் என்று அத்தை பதில் வைத்திருந்தாள். பரீட்சைக்கு முன்பே, கார்த்திகையில் ஒரு நாள் நிஜமாகவே ஆனேன். பயந்துபோய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாத. ஊரு சிரிக்கும்" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். குலவையும் இல்லை, களியும் இல்லை. வழக்கமான தூரம் என்று அத்தை எனக்கு மூலையில் பாய் போட்டாள்.

நான் பெரிய மனுஷி ஆகிவிட்டதால் துரைமுள்ளைத் தொடக் கூடாது. அய்யாவே அதைப் பார்த்துக்கொண்டார். செத்த கம்புகளை அறுத்தெறிந்து, புதுக் கம்புகளைக் கோரையால் கட்டி, குடம் குடமாக ஊற்றினார். அடுத்த சித்திரையில் அது காய்த்த காய்ப்பை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு நாள் அய்யா வெற்றிலை நிறையப் பழத்தோடு நான் இருந்த இடத்துக்கு வந்தார். அவர் கையெல்லாம் முள் கிழித்திருந்தது.

"தின்னு ஆத்தா. ஒனக்குத்தான் மொதல்ல கொண்டாந்தேன்."

நான் வாங்கிக்கொண்டேன். ஒன்றை எடுத்து நசுக்கி உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினேன். சிவப்பாக வழிந்தது. அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் அன்னைக்கி ஆகலன்னு ஒங்களுக்கு இப்பவாச்சும் தெரியுதாய்யா?"

அவர் கையில் தைத்திருந்த ஒரு முள்ளைப் பிடுங்கிப் போட்டார். பதில் சொல்லாமலே எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"அன்னைக்கே தெரியும்" என்றார்.

"குருத்தப் பாத்த அன்னைக்கா? சடங்கு முடிஞ்சப்புறம்?"

"அதுக்கு முந்தி. நீ குச்சுக்குள்ள இருக்கைல. தண்ணி ஊத்தித் தீட்டுக் கழிக்கிறதுக்கு முந்தியே மொளச்சிருச்சு. நாந்தான் மொதல்ல பாத்தேன்."

"பாத்துட்டு என்னய்யா செஞ்சீக?"

அய்யா தலையைக் குனிந்துகொண்டார். என்னிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"சொந்தபந்தமெல்லாம் வந்துருந்தாக. ஆடு மாடு அவுத்துவிட்டுக் கெடந்துச்சு. குருத்தக் கடிச்சிரக் கூடாதுன்னு கூடையக் கவுத்து வச்சேன். எல்லாரும் போனப்புறந்தான் எடுத்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு இன்னும் பல வருஷங்கள் ஆயின. அப்போது அவர் முகத்தை, நான் இதுவரை பார்க்காத ஒரு ஆளின் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். பழத்தை வெற்றிலையோடு அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவப் போனேன்.